செக்யூரிட்டி வேலைக்குச் சான்றிதழ் வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் தகவல் பாதுகாப்பு ஆடிட் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். ஆள் எடுக்கும் இன்டர்வியூக்களிலும் உட்காருவேன். ஒவ்வொரு வருடமும் கல்லூரி ரிசல்ட் வந்த கையோடு ஊரிலிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். சொந்தக்காரர் பையன், பக்கத்து வீட்டு அக்கா மகள், முன்பு கூட வேலை பார்த்தவரின் தம்பி என்று ஆள் மாறினாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். போனில் அவசரமாகச் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது. அதனால் நிதானமாக எழுதிவைக்கிறேன். இதில் செலவாகும் பணம் பெரும்பாலும் அப்பா அம்மாவின் பணம். அந்த நினைப்பிலேயே சில இடங்களில் நீளமாக விளக்கியிருக்கிறேன்.

சான்றிதழ் எதுவும் இல்லாமல் கம்ப்யூட்டர் செக்யூரிட்டியில் வேலை கிடைக்குமா?

கிடைக்கும். டாக்டர் என்றால் மருத்துவக் கவுன்சிலில் பதிவு வேண்டும், வக்கீல் என்றால் பார் கவுன்சிலில் வேண்டும். செக்யூரிட்டி வேலை பார்க்க இந்தியாவில் தனி மனிதருக்கு அப்படி ஒரு கட்டாயப் பதிவு கிடையாது. என்னோடு வேலை செய்த நல்ல ஆட்களில் பலர் வேறு வேலையிலிருந்து வந்தவர்கள். ஒருவர் நெட்வொர்க் சப்போர்ட்டில் மூன்று வருடம் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவர். இன்னொருவர் லினக்ஸ் சர்வர்களைக் கவனித்துக்கொண்டிருந்தவர். சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருந்துகொண்டு, லாகின் பக்கத்தில் வரக்கூடாததை எல்லாம் தட்டிப் பார்த்து ஓட்டை கண்டுபிடித்த பெண் ஒருவரும் உண்டு.

சான்றிதழ் கொடுப்பவர்கள் காம்ப்டியா, ஐ.எஸ்.சி.2, ஐசாகா, இ.சி. கவுன்சில், ஆஃப்செக், ஜியாக் போன்ற அமைப்புகள். இவை எதுவும் அரசு அமைப்பு கிடையாது. வேலை கொடுப்பவர் ஒரு சான்றிதழுக்கு எவ்வளவு மதிப்பு கொடுக்கிறாரோ அவ்வளவுதான் அதன் மதிப்பு. கொடுத்தவர் சொல்லும் மதிப்பை நம்பிக் கிளம்பக் கூடாது.

அப்படியானால் யார்தான் இதைக் கேட்கிறார்கள்?

இந்தக் கேள்விதான் முக்கியம், ஆனால் இதை யாரும் கேட்பதில்லை. "எந்தச் சர்ட்டிஃபிகேஷன் பெஸ்ட்?" என்றுதான் கேட்கிறார்கள். நான் பார்த்தவரை கேட்பவர்கள் மூன்று விதம்.

முதலில் விதிமுறை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2005-ல் 8570 என்ற எண்ணில் ஒரு கையேடு வெளியிட்டது. ராணுவக் கணினிகளைப் பாதுகாக்கும் வேலையில் இருப்பவர், அவர் ஊழியராக இருந்தாலும் ஒப்பந்தக்காரராக இருந்தாலும், அதில் குறிப்பிட்ட சான்றிதழ்களில் ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்றது. 2023-ல் அதன் இடத்தில் 8140 வந்தது. அமெரிக்க வேலை விளம்பரங்களில் காம்ப்டியாவின் செக்யூரிட்டி ப்ளஸ் சான்றிதழின் பெயர் இவ்வளவு அடிபட இது ஒரு பெரிய காரணம். நம் ஊரிலும் இப்படி உண்டு. பணப் பரிமாற்ற அமைப்புகளை நடத்துபவர்கள் வருடா வருடம் சிஸ்டம் ஆடிட் செய்ய வேண்டும், அதைச் செய்பவர் ஐசாகாவின் சீசா சான்றிதழ் பெற்றவராகவோ, பட்டயக் கணக்காளர் அமைப்பான ஐ.சி.ஏ.ஐ. வழங்கும் டிசா தகுதி பெற்றவராகவோ இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009-ல் அறிவுறுத்தியது. இந்த மாதிரி இடத்தில் திறமையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அந்த எழுத்துகள் பெயருக்குப் பின்னால் இருந்தால்தான் கையெழுத்துப் போட முடியும்.

இரண்டாவது, டெண்டரும் கிளையன்டும். இதை நேரில் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு, ஆடிட் செய்யத் தகுதியான நிறுவனங்களின் பட்டியலைத் தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் எதிரே அதன் ஆள் பலம் இருக்கும்: ஐ.எஸ்.சி.2-வின் சி.ஐ.எஸ்.எஸ்.பி. சான்றிதழ் உள்ளவர் எத்தனை பேர், தகவல் பாதுகாப்புத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 27001-க்கு லீட் ஆடிட்டர் எத்தனை பேர், சீசா எத்தனை பேர், டிசா எத்தனை பேர், மற்ற தகுதி உள்ளவர்கள் எத்தனை பேர். யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். அரை மணி நேரம் படித்தால், இந்திய ஆடிட் சந்தையில் எந்த எழுத்துகளை எண்ணுகிறார்கள் என்பது எந்த யூடியூப் வீடியோவையும் விடத் தெளிவாகப் புரியும்.

முன்பு நான் இருந்த ஒரு நிறுவனத்தில், பெரிய டெண்டர் ஒன்றுக்கு டீம் பட்டியல் தயாரித்தோம். எங்களிலேயே வெப் அப்ளிகேஷன் டெஸ்டிங் நன்றாகத் தெரிந்தவரின் பெயரைச் சேர்க்க முடியவில்லை. டெண்டரில் கேட்ட சான்றிதழ் எதுவும் அவரிடம் இல்லை. வேலை கிடைத்த பிறகு பெரும்பகுதியை அவர்தான் செய்தார், ஆனால் அறிக்கையில் வேறு பெயர்கள் வந்தன. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்த பிறகு, "சர்ட்டிஃபிகேட் வெறும் பேப்பர்தானே" என்று யாரிடமும் நான் சொல்வதில்லை.

மூன்றாவது, எச்.ஆர். ஒரு வேலைக்கு நூற்றுக்கணக்கில் ரெஸ்யூம் வரும். முதலில் சலிப்பவருக்குச் செக்யூரிட்டி தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. தெரிந்த பெயரைத் தேடுகிறார், இருந்தால் அடுத்த கட்டத்துக்கு அனுப்புகிறார்.

சாதாரணக் கல்லூரியில் படித்தேன், கேம்பஸ் இன்டர்வியூவே வரவில்லை. எனக்குச் சான்றிதழ் உதவுமா?

என் கருத்தில் மற்ற எல்லோரையும் விட உங்களுக்குத்தான் அதிகம் உதவும். பெரிய கல்லூரிப் பெயர் ரெஸ்யூமில் இருந்தால் அதுவே பேசும். விருதுநகர் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவருக்கு அந்த வசதி கிடையாது. அவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதைச் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் மேனேஜர் எப்படித் தெரிந்துகொள்வார்? செக்யூரிட்டி ப்ளஸ் பரீட்சையை டெக்சாஸில் எழுதுபவருக்கும் சென்னையில் எழுதுபவருக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே பாஸ் மார்க். அதில் பாஸ் என்றால் எந்தக் கல்லூரி என்ற கேள்வி கொஞ்சம் பின்னால் போகும்.

குழந்தை பிறந்து நாலைந்து வருடம் வேலையை விட்டிருந்த பெண்களுக்கும் இதே பதில். "இடையில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்கும்போது, போன மாதத் தேதி போட்ட சான்றிதழ் ஒன்று இருந்தால் பேச்சு வேறு திசையில் போகும். அப்படித் திரும்பி வந்த இரண்டு பேரை எங்கள் டீமிலேயே எடுத்திருக்கிறோம்.

பரீட்சை தமிழில் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் பாடத்தில் தடுமாறுவதை விடக் கேள்வியின் வாக்கியத்தில்தான் தடுமாறுகிறார்கள். "இவற்றில் முதலில் செய்ய வேண்டியது எது?", "இவற்றில் எது மிகச் சரி?" என்ற ஒரே ஒரு சொல்லில் விடை மாறிவிடும். மாதிரிக் கேள்விகளை வாய்விட்டு மெதுவாகப் படித்துப் பழகுங்கள். இது பெரிய தடை இல்லை, இரண்டு மாதப் பழக்கம்.

எந்தச் சான்றிதழ் எதைக் காட்டுகிறது?

பாடத்திட்டத்தைப் பார்ப்பதை விடப் பரீட்சை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். எதைச் சோதிக்கிறார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

காம்ப்டியா செக்யூரிட்டி ப்ளஸ்: 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்வி. பெரும்பாலும் விடையைத் தேர்ந்தெடுப்பது, கூடவே ஃபயர்வால் விதியை அமைப்பது போன்ற சில செய்முறைக் கேள்விகள். 900-க்கு 750 எடுத்தால் பாஸ். இந்தத் துறையின் மொழி உங்களுக்குத் தெரியும் என்று காட்டும். அதற்கு மேல் எதுவும் சொல்லாது, முதல் வேலைக்கு அது போதும்.

சி.ஐ.எஸ்.எஸ்.பி.: ஐ.எஸ்.சி.2 நடத்துவது, 1994-லிருந்து இருக்கிறது. எட்டுப் பகுதிகள், மூன்று மணி நேரம், 100 முதல் 150 கேள்விகள். நீங்கள் சொல்லும் விடையைப் பார்த்து அடுத்த கேள்வியின் கடினம் மாறும், முந்தைய கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது. ஓட்டையை எப்படி அடைப்பது என்று கேட்பதை விட, நிறுவனத்துக்கு எந்த ஆபத்து பெரிது, யாரிடம் ஒப்புதல் வாங்குவது என்று கேட்கும். டெக்னிகலில் புலியாக இருப்பவர்கள் முதல் முறை கோட்டை விடுவதற்கு இதுதான் காரணம்.

சீசா: ஐசாகா 1978 முதல் வழங்கிவருவது. நான்கு மணி நேரத்தில் 150 கேள்விகள். ஆடிட் செய்யப் போகிறவர்களுக்கு மட்டும். பி.காம். படித்துவிட்டு இந்தப் பக்கம் வர நினைப்பவர்கள் தயங்காமல் இதைப் பார்க்கலாம், கணக்குத் தணிக்கையின் மனப்பாங்கு இதில் அப்படியே கைகொடுக்கும்.

ஓ.எஸ்.சி.பி.: காளி லினக்ஸை உருவாக்கிய ஆஃப்செக் நடத்துவது. இதில் தேர்ந்தெடுக்கும் விடையே கிடையாது. 23 மணி 45 நிமிடம். சில கம்ப்யூட்டர்களைக் கொடுப்பார்கள், நீங்கள் உள்ளே நுழைந்து காட்ட வேண்டும். கேமரா வழியாகக் கண்காணிப்பார்கள். அது முடிந்து அடுத்த 24 மணி நேரத்துக்குள் என்ன செய்தீர்கள் என்று அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும். 100-க்கு 70 வேண்டும். பென்டெஸ்ட் வேலைக்கு, அதாவது அனுமதியோடு தாக்கிப் பார்த்து ஓட்டை தேடும் வேலைக்கு, வருபவரிடம் இது இருந்தால் நான் அடிப்படைக் கேள்விகளைத் தாண்டிப் போய்விடுவேன். அந்த அறிக்கை எழுதும் பகுதியைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஓட்டையைக் கண்டுபிடித்தவருக்கு அதைக் கிளையன்டுக்குப் புரியும்படி எழுதத் தெரியவில்லை என்றால் கிளையன்ட் அதைச் சரிசெய்யப் போவதில்லை.

ஜியாக்: சான்ஸ் (SANS) என்ற பயிற்சி நிறுவனத்தின் வகுப்புகளோடு சேர்ந்து வருவது. புத்தகத்தைப் பார்த்து எழுதலாம். அதனால் படிப்பவர்கள் தாங்களே அட்டவணை தயாரித்துக்கொண்டு போவார்கள், பாதிப் படிப்பு அந்த அட்டவணை போடுவதில்தான் நடக்கிறது. முன்பு இந்தச் சான்றிதழ்களுக்கு ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதித் தர வேண்டும். 2005-ல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். வகுப்பின் விலை பல ஆயிரம் டாலர். சொந்தக் காசில் யாரும் யோசிக்க வேண்டாம், கம்பெனி அனுப்பினால் போங்கள்.

ஃப்ரெஷர் நான். நேராக சி.ஐ.எஸ்.எஸ்.பி. எழுதினால் என்ன?

எழுதலாம், ஆனால் சி.ஐ.எஸ்.எஸ்.பி. என்று போட்டுக்கொள்ள முடியாது. எட்டுப் பகுதிகளில் குறைந்தது இரண்டில், மொத்தம் ஐந்து வருடம் சம்பளத்துக்கு வேலை பார்த்திருக்க வேண்டும். டிகிரியோ அவர்கள் ஏற்கும் வேறு சான்றிதழோ இருந்தால் ஒரு வருடம் குறையும். அந்த அனுபவத்துக்கு ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் ஒருவர் சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். அனுபவம் இல்லாமல் பாஸ் செய்தால் "அசோசியேட்" என்ற நிலைதான் கிடைக்கும். அனுபவத்தைச் சேர்க்க ஆறு வருடம் தருவார்கள்.

பரீட்சைக் கட்டணம் 749 டாலர். ரூபாயில் அறுபதாயிரத்தைத் தாண்டும். வேலையில் சேர்ந்து நாலு வருடம் கழித்து, கம்பெனியே கட்டணத்தைத் திருப்பித் தரும் காலத்தில் எழுத வேண்டிய பரீட்சை இது. இதே அமைப்பு சி.சி. என்ற ஆரம்ப நிலைச் சான்றிதழை 2022-ல் கொண்டுவந்து, பத்து லட்சம் பேருக்குப் பாடமும் பரீட்சையும் இலவசம் என்று அறிவித்தது. ஆர்வம் இருந்தால் அந்தச் சலுகை இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று அவர்கள் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ் செய்தபின் வருடக் கட்டணம் உண்டு என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சி.இ.எச். (சர்ட்டிஃபைட் எத்திக்கல் ஹேக்கர்) செய்யலாமா? எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

"எத்திக்கல் ஹேக்கர்" என்ற பெயரில் ஒரு கவர்ச்சி இருக்கிறது, மறுக்கவில்லை. இ.சி. கவுன்சில் 2003 முதல் நடத்துகிறது. முதன்மைப் பரீட்சை நான்கு மணி நேரம், 125 கேள்வி, எல்லாமே விடையைத் தேர்ந்தெடுப்பது. ஆறு மணி நேரச் செய்முறைப் பரீட்சை தனி. பெரும்பாலானவர்கள் முதலாவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

எச்.ஆர். ஆட்களுக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரியும், அதனால் ரெஸ்யூம் முதல் சலிப்பில் நிற்கும். டெக்னிகல் இன்டர்வியூ எடுப்பவர்களில் பலர் இதை வைத்து மட்டும் ஒரு முடிவுக்கு வருவதில்லை. நானும் அப்படித்தான். கம்பெனி பணம் கட்டுகிறதா, டெண்டரில் பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறார்களா, செய்யுங்கள். வீட்டுப் பணம் என்றால் அதே பணத்தில் செக்யூரிட்டி ப்ளஸ் எழுதிவிட்டு, மீதியில் ஒரு நல்ல லேப்டாப்பில் ரேம் கூட்டிக்கொள்ளுங்கள்.

கோச்சிங் சென்டரில் ஒன்றரை லட்சம், "100% பிளேஸ்மென்ட்" என்கிறார்கள். சேரலாமா?

கொஞ்ச நாள் முன்பு ஒரு தம்பி இன்டர்வியூவுக்கு வந்திருந்தான். திருவண்ணாமலை பக்கம் ஒரு கிராமம். ரெஸ்யூமில் ஏழு சான்றிதழ் இருந்தன. எதுவுமே நான் கேள்விப்பட்ட பெயர் இல்லை. எல்லாம் அவன் படித்த சென்டரே அச்சடித்துக் கொடுத்தவை. இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் டி.சி.பி. இணைப்பு எப்படி ஆரம்பிக்கிறது என்று அடிப்படைக் கேள்வி கேட்டேன், தெரியவில்லை. ஆனால் இருபது ஹேக்கிங் டூல்களின் பெயரைக் கடகடவென்று சொன்னான். வகுப்பில் டூலைத் திறந்து, பட்டனை அழுத்திக் காட்டி, அடுத்த டூலுக்குப் போயிருக்கிறார்கள். வெளியே வந்து பேசும்போது, ஃபீஸுக்கு அம்மாவின் செயினை அடகு வைத்ததைச் சொன்னான். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவனுக்குப் புத்தி இருந்தது, உழைப்பு இருந்தது, எட்டு மாதம் தினமும் பஸ் பிடித்துப் போய் வந்திருக்கிறான்.

அதனால் பணம் கட்டுவதற்கு முன்னால் சிலதைக் கேளுங்கள். பரீட்சையை நடத்துவது யார்? சொல்லிக்கொடுப்பவரே பரீட்சை வைத்து அவரே பாஸ் போட்டால் வெளியே யாரும் நம்பமாட்டார்கள். நீங்கள் பாஸ் செய்ததை வேலை கொடுப்பவர் நேராக அந்த அமைப்பின் தளத்தில் போய்ச் சரிபார்க்க முடியுமா? பியர்சன் வி.யு.இ. மாதிரி பொதுத் தேர்வு மையத்தில் நடக்கிறதா? தனிநபர் சான்றிதழ் தரும் அமைப்புகளுக்கு ஐ.எஸ்.ஓ. 17024 என்ற தரநிலை இருக்கிறது, அது உண்டா? "சர்வதேச", "அரசு அங்கீகாரம்" என்று போர்டில் எழுதியிருந்தால் எந்த அரசு, எந்த உத்தரவு என்று தாளில் காட்டச் சொல்லுங்கள். பிளேஸ்மென்ட் என்றால் போன பேட்சில் வேலைக்குப் போன மூன்று பேரிடம் போனில் பேச விடுவார்களா என்று கேளுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

நல்ல சென்டர்களும் உண்டு. ஆசிரியர் நல்லவராக இருந்தால் தனியாக ஒரு வருடம் திணறுவதை மூன்று மாதத்தில் கடந்துவிடலாம். சி-டாக் நடத்தும் முதுநிலை டிப்ளமோ போன்ற அரசு சார்ந்த படிப்புகளையும் பாருங்கள். அடகு வைத்துச் சேர வேண்டிய படிப்பு இந்தத் துறையில் எதுவும் இல்லை என்பதை மட்டும் வீட்டில் உறுதியாகச் சொல்லுங்கள்.

டம்ப்ஸ் (வெளியே கசிந்த பரீட்சைக் கேள்விகள்) படித்து பாஸ் செய்யலாமா?

வேண்டாம். பரீட்சை ஆரம்பிக்கும் முன்பே கேள்விகளை வெளியே சொல்லமாட்டேன் என்று ஒப்புதல் கொடுக்கிறீர்கள். திருட்டுக் கேள்வித்தாளில் படித்தது தெரிந்தால் சான்றிதழை ரத்து செய்ய அவர்களுக்கு உரிமை உண்டு. அதை விடு, நம்பகமான ஆள் வேண்டும் என்பதற்காகவே இந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். வங்கியின் சர்வர் பாஸ்வேர்டு கையில் வரும் வேலை இது. ஆரம்பமே பொய்யாக இருக்கக் கூடாது. அப்புறம், இன்டர்வியூவில் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டாலே போதும்.

சரி, இன்டர்வியூவில் என்னதான் கேட்பீர்கள்?

சான்றிதழில் இருப்பதிலிருந்தே ஆரம்பிப்பேன். கண்காணிப்பு மையத்தில், அதாவது சாக் டீமில், முதல் வேலைக்கு வருபவரிடம் நான் அடிக்கடி கேட்பது இது: "ராத்திரி இரண்டு மணி. ஒரு ஊழியரின் மெயில் கணக்கில் சென்னையிலிருந்து லாகின். இருபது நிமிடம் கழித்து வேறு ஒரு நாட்டிலிருந்து லாகின். அலர்ட் வந்திருக்கிறது. என்ன செய்வீர்கள்?"

மனப்பாடம் செய்தவர் "கணக்கை உடனே முடக்குவேன்" என்பார். சில நேரம் அதுவே சரியான செயலாகவும் இருக்கலாம். ஆனால் யோசிப்பவர் முதலில் என்னிடம் கேள்வி கேட்பார். அந்த வெளிநாட்டு முகவரி கம்பெனி வி.பி.என்.-உடையதா? ஓ.டி.பி. கேட்டதா, யார் ஒப்புதல் கொடுத்தார்கள்? உள்ளே வந்தவர் என்ன செய்திருக்கிறார்? மெயில்களை வெளி முகவரிக்குத் திருப்பிவிடும் விதி ஏதாவது புதிதாக முளைத்திருக்கிறதா? திருடர்கள் முதலில் அதைத்தான் வைப்பார்கள், பாஸ்வேர்டை மாற்றினாலும் மெயில் போய்க்கொண்டே இருக்கும். இவ்வளவும் பார்த்து, திறந்திருக்கும் செஷன்களை எல்லாம் முடித்து, பாஸ்வேர்டை மாற்றி, அந்த ஊழியரை மெயிலில் தொடர்புகொள்ளாமல் போனில் கூப்பிட்டு, என்ன செய்தோம் என்பதை நேரத்தோடு எழுதிவைப்பேன் என்று ஒரு பெண் சொன்னாள். அவள் கையில் இருந்தது செக்யூரிட்டி ப்ளஸ் மட்டும்தான். அன்றே எடுத்துக்கொண்டோம்.

அந்தப் பெண் அதை எங்கே கற்றாள் என்று கேட்டேன். தன் லேப்டாப்பில் ஒரு சின்ன லேப் அமைத்து, தானே தாக்கி, தானே லாக் படித்துப் பார்த்திருக்கிறாள்.

அந்த மாதிரி லேப் அமைக்க நிறையச் செலவாகுமா?

16 ஜி.பி. ரேம் இருந்தால் தாராளம், 8 இருந்தாலும் சமாளிக்கலாம். வர்ச்சுவல்பாக்ஸ் இலவசம், லினக்ஸ் இலவசம், பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்க்கும் வயர்ஷார்க் இலவசம். லினக்ஸ் கட்டளை பழக ஓவர் தி வயர் தளத்தின் பேண்டிட் விளையாட்டு. வெப் ஓட்டைகளுக்கு போர்ட்ஸ்விக்கர் நடத்தும் வெப் செக்யூரிட்டி அகாடமி, அதற்கு இணையான பாடத்தைக் காசு கொடுத்தும் நான் பார்த்ததில்லை. பள்ளி மாணவர்கள் என்றால் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் பிக்கோ சி.டி.எஃப். நெட்வொர்க்கிங் அடிப்படைக்கு ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். வகுப்புகள்.

இன்னொரு வழியும் உண்டு. செக்யூரிட்டி ப்ளஸ் பாடத்திட்டத்தைக் காம்ப்டியா தளத்திலிருந்து காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். பரீட்சை எழுதாவிட்டாலும் அதைச் சுவரில் ஒட்டிவைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்து, லேபில் செய்து பார்த்து, டிக் அடித்துக்கொண்டே வாருங்கள். சான்றிதழ்களால் கிடைக்கும் பெரிய நன்மையே இதுதான் என்று நான் நினைக்கிறேன். தனியாகப் படிப்பவருக்கு எங்கே ஆரம்பித்து எங்கே நிறுத்துவது என்று தெரியாது. அந்தப் பாடத்திட்டம் வழி காட்டும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பழகுவது உங்கள் கம்ப்யூட்டரிலும், பழகுவதற்கென்றே வைத்த தளங்களிலும் மட்டும். கல்லூரியின் சர்வர், பக்கத்து வீட்டு வைஃபை, ஊர் கடையின் வெப்சைட் எதையும் அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவின்படி மூன்று வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்லெண்ணத்தில் செய்தேன் என்று சொல்லி ஸ்டேஷனில் நிற்கும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக் கூடாது.

டிகிரி, அனுபவம், சான்றிதழ், எது பெரியது?

அனுபவம். டிகிரி இல்லாமல் விசாவுக்கும் பெரிய கம்பெனி எச்.ஆர். விதிகளுக்கும் சிரமம், அதனால் அரியர் இருந்தால் முதலில் அதை முடியுங்கள்.

வெளிநாட்டு வேலைக்கு?

போக நினைக்கும் நாட்டின் விதியைப் பாருங்கள். சிங்கப்பூரில் 2022 முதல் பென்டெஸ்ட் சேவையும் கண்காணிப்புச் சேவையும் விற்கும் நிறுவனங்களுக்கு அரசு உரிமம் கட்டாயம். உரிமம் நிறுவனத்துக்குத்தான் என்றாலும், அதை வைத்திருப்பவர்கள் ஆள் எடுக்கும்போது தகுதியைக் கவனமாகப் பார்ப்பார்கள். அமெரிக்க ராணுவம் சார்ந்த வேலைகளைப் பற்றி மேலே சொன்னேன். அவற்றில் பெரும்பாலானவை அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே, அந்த விளம்பரங்களைப் பார்த்து இங்கே படிப்பைத் தீர்மானிக்காதீர்கள்.

ஒருமுறை வாங்கினால் ஆயுள் முழுக்கவா?

காம்ப்டியாவில் 2011-க்கு முன்பு வாங்கியவர்களுக்கு அப்படித்தான். இப்போது மூன்று வருடம், புதுப்பிக்க அதற்குள் செக்யூரிட்டி ப்ளஸுக்கு 50 கல்விப் புள்ளி சேர்க்க வேண்டும். சி.ஐ.எஸ்.எஸ்.பி.க்கு மூன்று வருடத்தில் 120 புள்ளியும், வருடா வருடம் 135 டாலர் கட்டணமும். ஓ.எஸ்.சி.பி. காலாவதி ஆகாது. 2024 நவம்பரிலிருந்து அதோடு ஓ.எஸ்.சி.பி. ப்ளஸ் என்று ஒன்றையும் தருகிறார்கள், அது மூன்று வருடத்துக்கு.

நாலைந்து சான்றிதழ் சேர்ந்துவிட்டால் வருடச் செலவு கூடிக்கொண்டே போகும். இப்போது பார்க்கும் வேலைக்கும் அடுத்து தேடும் வேலைக்கும் பயன்படாத சான்றிதழைக் காலாவதியாக விட்டுவிடுவதில் தப்பே இல்லை. நான் இரண்டை விட்டிருக்கிறேன். படித்தது எங்கேயும் போகவில்லை. ரெஸ்யூமில் மட்டும் காலாவதியானதை நடப்பில் இருப்பது போலப் போடாதீர்கள்.

கையில் நாற்பதாயிரம் இருக்கிறது. நாளைக்கு என்ன செய்யட்டும்?

நாளைக்கு எதுவும் கட்டாதீர்கள். வேலைத் தளம் ஒன்றைத் திறந்து, உங்கள் அனுபவத்துக்கு ஏற்ற, நீங்கள் போக விரும்பும் ஊரில் உள்ள பத்து விளம்பரங்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். சாக் வேலையா, ஆடிட்டா, பென்டெஸ்டா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் கேட்டிருக்கும் சான்றிதழ்கள் எவை, வேறு என்ன திறமை கேட்கிறார்கள் என்று பக்கத்தில் குறியுங்கள். பத்தில் ஆறில் ஒரே பெயர் வந்தால் அதுதான் உங்களுக்கானது. எந்தப் பெயரும் திரும்ப வரவில்லை, லினக்ஸ், நெட்வொர்க்கிங், பைத்தான் என்றுதான் வருகிறது என்றால், பணத்தை வங்கியிலேயே விட்டுவிட்டு அவற்றைப் படியுங்கள்.

பெயர் கிடைத்துவிட்டால், பாடத்திட்டத்தை இறக்கி மூன்று மாதம் இலவசமாகக் கிடைப்பதை வைத்துப் படியுங்கள். மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து எண்பது சதவீதத்துக்கு மேல் வரத் தொடங்கிய பிறகு வவுச்சர், அதாவது பரீட்சைக் கட்டணச் சீட்டு, வாங்குங்கள். வாங்கியவுடன் தேதி குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். பரீட்சையன்று பாஸ்போர்ட்டையோ அவர்கள் ஏற்கும் வேறு அடையாள அட்டையையோ மறக்காமல் கொண்டுபோங்கள். அதில் உள்ள பெயரும் பதிவு செய்த பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் ஊரில் இனிஷியல் முன்னால் இருக்கும், பின்னால் இருக்கும், விரித்து எழுதியிருக்கும். இந்தக் காரணத்துக்காகவே ஒரு தம்பியை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள், கட்டிய பணமும் போனது. பதிவு செய்யும் அன்றே அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள்.